நாலு மில்லிமீட்டரும் இரண்டு நொடியும்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னுடைய இன்னொரு கதையிலிருந்து வந்தது. அதை நீங்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்து மொத்தம் பதினோரு பேர் படித்தார்கள். அதில் ஒருத்தி என் அக்கா. அங்கேதான் வினையே ஆரம்பித்தது.

அந்தக் கதையில் ஒரு தையல்காரர் வருவார். மாலையில் கடையை அடைத்துவிட்டு வந்து, மனைவியோடு கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவார். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன், இருவரும் ஒரே அணி. ஓரிடத்தில் தன் நண்பனிடம் சொல்வார்: "அவளுக்குக் குறி பாக்கத் தெரியாதுப்பா. நான்தான் பின்னாடி நின்னு சுட்டுடறேன். அவ தான் சுட்டதா நெனச்சுக்கறா."

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், தையல்காரர். அவரும் அக்காவும் தினமும் மாலையில் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து அதே விளையாட்டை ஆடுவார்கள். 'இது முழுக்க முழுக்கக் கற்பனை' என்று கதைக்கு அடியில் போட்டிருந்தேன். அக்கா அந்த வரியைப் படித்தாள். துரதிர்ஷ்டவசமாக, அதற்கு மேலே இருந்ததையும் படித்தாள்.

நேராக அத்தானிடம் போய், "உண்மையா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அத்தான் இரண்டு நொடி எடுத்துக்கொண்டார். பிறகு, "அது வந்து…" என்றார்.

அத்தோடு சரி. மூன்று வாரம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

[இருபத்து மூணு நாள். — அக்கா]

அடைப்புக்குறிக்குள் வந்திருப்பது அவள்தான். இந்தக் கதையை எழுத அனுமதித்தபோது ஒரு நிபந்தனை போட்டாள். அச்சுக்குப் போகுமுன் அவளும் அத்தானும் படிப்பார்கள். தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவால் அடைப்புக்குறி போடுவார்கள். அதில் நான் கை வைக்கக் கூடாது. அத்தான் இதுவரை ஒன்றுகூடப் போடவில்லை. அக்கா பேனாவைக் கீழே வைக்கவே இல்லை.

2.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"பவர் சப்ளையிலிருந்து மெல்லிய புகை எழுந்தபோது, அவள் தன் வாழ்வின்…"

(இதற்கு மேல் போகவில்லை. அவள் தன் வாழ்வின் எதையும் நினைக்கவில்லை. ப்ளக்கைப் பிடுங்கினாள்.)

"கம்ப்யூட்டர் என்பது என்ன? ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய எட்டுப் பொருள்கள். குடும்பம் என்பதும்…"

(வேண்டாம். இதற்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அக்கா வீட்டுக்குள் விடமாட்டாள்.)

"பழைய உதிரிபாகக் கடைக்காரர் மீசையைத் தடவியபடி, 'இந்தக் கார்டு ஒரு…'"

[அவருக்கு மீசையே கிடையாது. — அக்கா]

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். சண்டை வந்த முதல் நான்கு நாள் வீட்டில் பேச்சு இல்லையே தவிர, விளையாட்டில் இருந்தது. மாலை ஏழு மணிக்கு இருவரும் அவரவர் அறைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். அணியில் நாலு பேர். மற்ற இருவரும் எங்கோ இருக்கும் அந்நியர்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அதனால் அக்கா பேசுவாள். "இடது பக்கம் மாடியில ஒருத்தன் இருக்கான், பாத்துக்கோங்க." அத்தான், "பாத்துட்டேன்மா" என்பார். ஆட்டம் முடிந்து ஹெட்போனைக் கழற்றினால் சமையலறையில் இரண்டு ஊமைகள்.

ஐந்தாம் நாள் அக்காவின் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை புகைந்தது. போகிற போக்கில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. வீட்டில் மிச்சமிருந்த அந்தப் பேச்சும் நின்றது.

இப்போது தெரிகிறதா, இந்தக் கம்ப்யூட்டர் எதற்காக என்று? விளையாடுவதற்கு மட்டும் என்றால் நான் இதில் மூக்கை நுழைத்திருக்கமாட்டேன். சண்டையை மூட்டியது நான். அது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், அத்தானுக்கும் தெரியும். அவர் மட்டும் சொல்லிக்காட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

3.

பாத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம்.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஒரே குத்து. நரம்பே தெரியாத குண்டுக் கைகள், வீறிட்டு அழும் குழந்தைகள், ஊசியைக் கண்டால் மயங்கி விழும் தடியர்கள், யாராக இருந்தாலும் ஒரே குத்து. பதினெட்டு வருடமாக இரண்டாவது முறை குத்தியதில்லை என்பது அவளுடைய பெருமை. அவளைப் பார்த்துக் குறி பார்க்கத் தெரியாது என்று எழுதினால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

[ஒரு தடவை ரெண்டாவது குத்து குத்தியிருக்கேன். அது உனக்கு. வேணும்னேதான். — அக்கா]

அத்தானை எழுதுவதுதான் கஷ்டம். எந்த வாக்கியத்திலும் பிடிபடமாட்டார். கழுத்தில் எப்போதும் துணி டேப் தொங்கும். அவர் தைக்கும் சட்டையில் உள்பக்கத் தையலில் கொஞ்சம் துணி விட்டிருப்பார். வாடிக்கையாளர் அடுத்த வருடம் குண்டாகி வந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். பேச்சும் அப்படித்தான். எதையும் இழுத்துத் தைக்கமாட்டார். "அது வந்து…" என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிடுவார். அவர் உண்மையிலேயே அக்காவுக்கு விட்டுக்கொடுத்து ஆடினாரா? இரண்டாம் வரைவு வரைக்கும் 'இல்லை' என்று நினைத்தேன். நான்காம் வரைவில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

புதிய கம்ப்யூட்டர் என்று பேச்சு எடுத்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உங்க அத்தான்கிட்ட சொல்லு. அவர்கிட்ட இருக்கற அதே கிராபிக்ஸ் கார்டு. ஒரு படி மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம். சரிசமமா உக்காந்து, எதிரெதிரா ஒரு ஆட்டம். யாருக்குக் குறி பாக்கத் தெரியும்னு அன்னைக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சதும் பேசுவியா?"

"அவர் ஒழுங்கா ஆடினாப் பேசுவேன். விட்டுக்கொடுத்தார்னு தெரிஞ்சா, அப்புறம் அந்த ஹெட்போனையும் நான் தொடமாட்டேன்."

4.

நடுத்தர பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் கட்டுவதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம். கையில் காசே இல்லாதவனுக்குக் குழப்பம் இல்லை, இருப்பதில் மலிவானதை எடுப்பான். கொழுத்தவனுக்கும் குழப்பம் இல்லை, அலமாரியில் மேல் தட்டில் இருப்பதை எடுப்பான். நடுவில் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் ஒவ்வொரு பொருளும் ஒரு வழக்கு. இதில் ஒரு படி இறங்கினால் அதில் ஒரு படி ஏறலாம். ஏறியது இறங்கியதோடு ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும். என் பத்திரிகை ஆசிரியர் எனக்குக் கொடுத்திருப்பதும் நடுத்தர பட்ஜெட்தான், இரண்டாயிரம் சொல். கடைக்காரரின் மீசையில் நாற்பதை விட்டுவிட்டால் முடிவுக்குப் பற்றாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பேச்சு இல்லாததால் எல்லாம் சீட்டில் நடந்தது. அத்தான் தன் அளவுப் புத்தகத்துத் தாளில் எழுதினார். அதில் ஏற்கெனவே தோள், மார்பு, இடுப்பு என்று அச்சடித்திருக்கும். தோளுக்கு நேரே பிராசசர், மார்புக்கு நேரே மதர்போர்டு, இடுப்புக்கு நேரே பவர் சப்ளை. அக்கா ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். கடையும் பரிசோதனைக் கூடமும் ஒரே தெருவில், எட்டு கட்டடம் தள்ளி. நடுவில் நடப்பது நான்.

அத்தான் பெரிய பிராசசராகப் போட்டிருந்தார். அக்கா அதை அடித்துவிட்டு, 'நடு ரகம் போதும். படம் வரைவது கார்டு. மிச்சத்தை மானிட்டரில் போடவும்' என்று எழுதினாள். கேபினட்டில் கலர் விளக்கு வேண்டுமா என்று அத்தான் கேட்டிருந்தார். 'நான் பார்க்க வேண்டியது எதிரியை, கேபினட்டை அல்ல' என்று பதில் வந்தது. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்குப் பொருந்துகிற சின்ன கேபினட் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்தாள். பெட்டியில் அச்சிட்டிருந்தது: கார்டு 302 மில்லிமீட்டர் வரை.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சீட்டுகளை நான் அப்படியே கொடுக்கவில்லை. வாய்வழியாகக் கொஞ்சம் திருத்திக் கொடுத்தேன். எழுதுகிறவன் கை சும்மா இருக்காது.

அக்காவின் சீட்டு: 'பவர் சப்ளை 650 வாட், நல்ல கம்பெனி. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். போன தடவை கஞ்சத்தனம் பண்ணினது யார் என்று கேட்கவும்.'

நான் சொன்னது: "பவர் சப்ளை கொஞ்சம் நல்லதா வேணுமாம் அத்தான். உங்களுக்கு இஷ்டம்னா."

அத்தான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இஷ்டம்னான்னா சொன்னா?"

"ஆமா அத்தான்."

"அவளா?"

நான் வேகமாக அங்கிருந்து கிளம்பிவிட்டேன்.

அத்தானின் சீட்டு: 'ரேம், ஒத்தை பதினாறு வேண்டாம். எட்டும் எட்டும்.' இது வெறும் தொழில்நுட்பம். ஒரே பட்டையாகப் போடுவதைவிட இரண்டாகப் போட்டால் வேகம் கூடும். ஆனால் நான் அக்காவிடம் சொன்னது: "ஒத்தையா இருந்தா வேகமே வராதாம்க்கா. ஜோடியா இருந்தாத்தான் நல்லதாம். அத்தான் சொல்லும்போதே குரல் கம்மிப் போச்சு."

அக்கா புது ஊசியின் உறையைப் பிரித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

[அப்பவே தெரியும்டா. உங்க அத்தானுக்குக் குரல் கம்மினா அது சளி. — அக்கா]

5.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய படுக்கை விரிப்பு, அதன்மேல் எல்லாப் பொருள்களும். அக்கா பிராசசரை மதர்போர்டில் வைத்தாள். ரத்தம் எடுக்கும் கை, ஒரு நடுக்கம் இல்லை. அத்தான் ஸ்க்ரூ முடுக்கினார். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அதில் நான்.

"அந்தச் சின்ன ஸ்க்ரூ எங்கன்னு கேளு."

"அத்தான், அந்தச் சின்ன ஸ்க்ரூ எங்க?"

"அவ முழங்கைக்குப் பக்கத்துல இருக்குன்னு சொல்லு மாப்ள."

ஒரு மணி நேரம் இப்படி. கடைசியில் கார்டு. பழைய உதிரிபாகக் கடையில் வாங்கியது, பெட்டி கிடையாது. ஒரு சட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பிரித்தார். அக்கா விரல் நீட்டி எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. அவரோட கார்டுல ரெண்டு ஃபேன்தானேடா?"

அத்தான் என்னைப் பார்த்தார். "ஒரு படி மேலன்னு சொல்லு மாப்ள. பழசுங்கறதால புதுசு ரெண்டு ஃபேன் விலைக்கே கிடைச்சுது. அவளுக்குப் படம் நிக்காம ஓடணும்."

நான் எப்படிப் பூசி மெழுகுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் கார்டை உள்ளே வைத்துப் பார்த்தார். போகவில்லை. சாய்த்துப் பார்த்தார். போகவில்லை. கேபினட்டின் முன்பக்கத் தகரம் தடுத்தது.

"அளந்துதான் வாங்கினேன். சரியா முப்பது சென்டிமீட்டர். பெட்டியில முப்பது புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கு. ரெண்டு மில்லிமீட்டர் மிச்சமே இருக்கணும்." கழுத்திலிருந்து டேப்பை உருவி அளந்து காட்டினார். முப்பது.

அக்கா எழுந்து உள்ளே போனாள். ஒரு நீளமான ஸ்டீல் ஸ்கேலோடு வந்தாள். கார்டின் மேல் வைத்தாள். முப்பது புள்ளி ஆறு. பிறகு அத்தானின் டேப்பை ஸ்கேலோடு சேர்த்துப் பிடித்தாள். டேப்பின் முப்பது, ஸ்கேலின் முப்பது புள்ளி ஆறில் வந்து நின்றது. வருடக்கணக்கில் இழுத்து இழுத்து, அது நீண்டுபோயிருந்தது.

"இதத் தூக்கிப் போடுங்கன்னு போன வருஷமே சொன்னேனா இல்லையா?"

(கவனித்தீர்களா? என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இருபத்து மூன்று நாளில் நேருக்கு நேர் வந்த முதல் வாக்கியம்.)

அத்தானும் கவனிக்காமலே மாட்டிக்கொண்டார். "இதுல தச்ச சட்டை ஒண்ணாவது யாருக்காவது பத்தாமப் போயிருக்கா?"

"எப்படிப் போகும்? ஆளை அளக்கறதும் இதுல, துணிய வெட்டறதும் இதுல. ரெண்டு தடவையும் ஒரே பொய்யச் சொன்னாப் பொருந்தத்தான் செய்யும். கேபினட் செஞ்சவனுக்கு உங்க டேப்பைத் தெரியுமா?"

(இந்த வாக்கியம் என்னுடையது இல்லை. என்னுடையதாக இருந்திருக்கலாம் என்ற பொறாமையோடு எழுதுகிறேன்.)

"சரி, அதை விடுங்க. எனக்கு எதுக்கு மூணு ஃபேன்? மறுபடியும் விட்டுக்கொடுக்கறீங்களா?"

அத்தான் டேப்பைச் சுருட்டினார். ஒரு நொடி. இரண்டு நொடி.

"அது வந்து…"

6.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். கதைக்காரனாக இல்லை, பயத்தில்.

"அக்கா, அந்தக் கதையில இருந்தது கற்பனை இல்ல."

இருவரும் திரும்பினார்கள். சொல்லிவிட்டேன். போன வருடம் ஒரு மாலை அத்தானின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று விளையாட்டில் அக்காவின் ஆள் நடுத்தெருவில் கம்பம் மாதிரி நின்றுவிட்டான். பக்கத்து அறையிலிருந்து, "ஐயோ, படம் நின்னுடுச்சு!" என்று அக்காவின் குரல். எதிரி அவளைக் குறி பார்த்தான். அத்தான் அவனைச் சுட்டார். படம் மறுபடி ஓடியபோது எதிரி கீழே கிடந்தான். அக்காவும் அந்த நேரத்தில் பட்டனை அழுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "பாத்தீங்களா, விழுந்துட்டான்!" என்று கத்தினாள். அத்தான், "பாத்தேன்மா" என்றார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மிஷின் நிக்கும்போது நான்தான் பின்னாடி நின்னு சுட்டுடறேன். அவ தான் சுட்டதா நெனச்சுக்கறா."

எனக்கு வாக்கியம் பிடித்திருந்தது. ஆனால் முன்பக்கம் கனமாக இருப்பதுபோல் பட்டது. எடுப்பாக ஒரு தொடக்கம் வேண்டும் என்று தோன்றியது.

அக்கா கேட்டாள். "எத்தனை வார்த்தைடா வெட்டின?"

"ரெண்டு. 'மிஷின் நிக்கும்போது.'"

"சேர்த்தது?"

"நாலு. 'அவளுக்குக் குறி பாக்கத் தெரியாதுப்பா.'"

அவள் என் காதைத் திருகினாள். நாற்பத்தொரு வயதுக் காது அது. அத்தான் தடுக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. வலியைவிட அதுதான் அதிகம்.

[வலியும் இருந்திருக்கும். நல்லாத்தான் திருகினேன். — அக்கா]

காதை விட்டுவிட்டு அத்தானிடம் திரும்பினாள். "அப்ப மிஷின் நிக்கும்போது மட்டும்தானா?"

"அது வந்து…"

கதையின் மொத்த முடிச்சும் என் கையால் அவிழ்ந்துவிட்டது என்று பெருமூச்சு விடப் போனேன். இந்த மனிதர் மறுபடி முடிச்சுப் போட்டுவிட்டார்.

அக்கா கோபப்படவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "உங்க மிஷின்ல இருக்கற ரெண்டு ஃபேன் கார்டக் கழட்டுங்க. அது இங்க பொருந்தும். இந்த மூணு ஃபேன் உங்களுக்கு."

அத்தானின் கேபினட் பீரோ மாதிரி இருக்கும். அதில் நாலு மில்லிமீட்டர் என்ன, ஒரு ஆளே படுக்கலாம்.

"அப்ப என்னோடது ஒரு படி மேல ஆயிடுமேம்மா? சரிசமம்னு சொன்னியே?"

"ஆகட்டும். யாரு யாருக்கு விட்டுக்கொடுக்கறாங்கன்னு பாப்போம்."

7.

பத்துப் புள்ளி ஆட்டம். யார் முதலில் பத்து முறை மற்றவரைச் சுடுகிறாரோ அவருக்கு வெற்றி. நான் இரண்டு அறைக்கும் நடுவில் நின்றேன். இடது கதவு வழியாக அக்காவின் முதுகு, வலது கதவு வழியாக அத்தானின் முதுகு. புது மிஷினில் படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. அக்காவின் தோள் அசையவில்லை, விரல் மட்டும் அசைந்தது. பரிசோதனைக் கூடத்தில் அவளை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அத்தானுக்கு நெற்றியில் வியர்வை. மூன்றுக்கு மூன்று. ஆறுக்கு ஐந்து. ஒன்பதுக்கு ஒன்பது.

கடைசிப் புள்ளியில் இருவரும் ஒரே படிக்கட்டின் மேலும் கீழும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு துப்பாக்கியும் ஒன்றாக எழுந்தன. விழுந்தது அத்தானின் ஆள்.

அக்கா கைதட்டவில்லை, கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். சுவரைப் பார்த்து, சாதாரணக் குரலில், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. இப்ப விட்டுக்கொடுத்தீங்களா?"

முடிவுக்கு மூன்று வரைவு வைத்திருக்கிறேன்.

(அ) அவர் மூச்சுவிடுவதற்குள், "இல்லம்மா" என்றார்.

(ஆ) இரண்டு நொடி. "அது வந்து…" அக்கா ஹெட்போனை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள்.

(இ) அவர் சிரித்தார். சிரிப்பது பதிலாகுமா என்று அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த மூன்றில் நடந்தது எது, அல்லது மூன்றுமே இல்லையா என்று எனக்குத் தெரியும். நான் அங்கேதான் நின்றேன். என் தலைக்கு நேர் எதிரில் சுவர்க் கடிகாரம், அதில் நொடி முள்ளும் இருந்தது. அவர் எத்தனை நொடி எடுத்துக்கொண்டார், பிறகு என்ன சொன்னார், இரண்டையும் துல்லியமாகச் சொல்ல முடியும்.

சொல்லமாட்டேன். போன தடவை அந்த மனிதரின் வாயில் நாலு வார்த்தையை வைத்தேன். அதற்கு இருபத்து மூன்று நாள் ஆனது. இந்த முறை அவருடைய பதில் அவரிடமே இருக்கட்டும். அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அக்காவின் கேள்வியை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். படித்துவிட்டு, அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்று உங்களுக்குத் தோன்றுகிற நேரம் சும்மா இருங்கள். பதிலை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாரிடமாவது காட்டுவதாக இருந்தால், அது உங்கள் பொறுப்பு.

" . . . . . . . . . . . . . . . . . . . . "

[உள்ள கொஞ்சம் துணி விட்டிருக்கான். பரவாயில்ல, மாப்ள தேறிட்டான். — அத்தான்]